தறிக்குழி இருந்த வீடு: அம்மாபேட்டையில் ஓர் உள் அலங்கார வேலை

நான் முதலில் போட்ட திட்டம் அப்படியே நிறைவேறியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். நாலு படம் எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பேன். திட்டம் பாதியிலேயே உடைந்தது. உடைத்தவர் அந்த வீட்டு மாமியார், அறுபத்தெட்டு வயது. அது எப்படி உடைந்தது, அதற்கப்புறம் என்ன வந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

வீடும் ஆட்களும்

வீடு சேலம் அம்மாபேட்டையில், கைத்தறிச் சத்தம் இன்னும் முழுசாக ஓயாத ஒரு தெருவில் இருக்கிறது. எழுபதுகளில் கட்டியது. முன்பக்கம் 11-க்கு 16 அடியில் ஒரு கூடம், அதை ஒட்டி 10-க்கு 14 அடியில் தறி இருந்த அறை, பின்னால் இரண்டு படுக்கையறை, சமையல்கட்டு, புழக்கடை. சுவரெல்லாம் பழைய சுண்ணாம்புப் பூச்சு, தரை முழுக்கச் சிவப்பு ஆக்சைடு. கூடத்துக்கு மேற்குப் பக்கம் ஒரு பெரிய ஜன்னல் உண்டு. அந்த ஜன்னல்தான் பிறகு எனக்குப் பாடம் எடுத்தது.

மாமியாரும் அவர் கணவரும் முப்பது வருடத்துக்கு மேல் பட்டு வேட்டி நெய்தவர்கள். சேலம் வெண்பட்டு என்று புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறதே, அந்த வேலை. கணவர் காலமான பிறகு தறியைப் பிரித்து விற்றாயிற்று. நெய்பவர் காலைத் தொங்கவிடும் தறிக்குழி மட்டும் மேலே பலகை போட்டு மூடியபடி இருந்தது. மருமகள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறார். இரண்டு வயதில் ஒரு பையன். மகன் பேச்சில் அதிகம் வர மாட்டார். இரண்டு பக்கமும் தலையாட்டுவது அவர் வேலை. அதை நன்றாகவே செய்தார்.

மாசி மாதத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு கெடு வைத்தார்கள்: ஆடிப் பண்டிகைக்கு முன்னால் முடிய வேண்டும். சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தீபாவளிக்கு வராத சொந்தம்கூட ஆடிக்கு, மாரியம்மன் பண்டிகைக்கும், அலங்கார வண்டிகள் ஊர்வலம் போகும் வண்டி வேடிக்கைக்கும் வந்து நிற்கும்.

நாற்பத்துமூன்று படங்கள்

மருமகள் முதல் நாளே போனை நீட்டினார். அதில் சேர்த்து வைத்த படங்கள் 43. வெள்ளைச் சுவர், சாம்பல் சோபா, வெளிறிய மரம், மூலையில் ஒற்றைச் செடி. "ஸ்காண்டிநேவியன் ஸ்டைலுங்க. எனக்கு இதுதான் வேணும்" என்றார்.

அந்த ஸ்டைலுக்கு ஒரு காரணம் உண்டு. அது பிறந்த வட ஐரோப்பாவில், ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம் வடக்கே 59 டிகிரி அட்சத்தில் இருக்கிறது. டிசம்பரில் அங்கே பகல் ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் வீட்டுக்குள் பிடித்து வைத்துச் சுவருக்குச் சுவர் எறிந்து விளையாட வேண்டும். அதனால்தான் வெள்ளைச் சுவர், வெளிறிய மரம், கனமில்லாத திரை. சேலம் இருப்பது பதினொன்றரை டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. டிசம்பரிலேயே நமக்குப் பகல் பதினொன்றரை மணி நேரம். ஏப்ரல் 20 வாக்கில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் 20 தாண்டும் வரை நண்பகல் வெயில் வடக்கிலிருந்து விழும். கோடையில் வடக்குச் சுவர் சுடுகிறதே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஆக, நம் வீட்டு வேலை நேர் எதிர். வெளிச்சத்தை வாசலிலேயே நிறுத்தி, வடிகட்டி, தேவையான அளவு மட்டும் உள்ளே விட வேண்டும். திண்ணை, தாழ்வாரம், கருஞ்சிவப்புத் தரை எல்லாம் அதற்கு உதவுபவைதான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர் கேட்டதையே வரைந்து கொடுத்தேன். கேட்டதைக் கொடுத்தால் சீக்கிரம் கையெழுத்தாகும், அவ்வளவுதான் காரணம். சிவப்புத் தரை மேல் இரண்டுக்கு இரண்டு சாம்பல் நிற விட்ரிஃபைடு டைல், சுவர் முழுக்க வெள்ளை எமல்ஷன், எல் வடிவச் சோபா. தறிக்குழியைக் கான்கிரீட் போட்டு மூடி அந்த அறையை ஆபீஸ் அறையாக்குவது. இதுதான் முதல் திட்டம்.

சேலை மாட்டிய சுவர்

முழு வீட்டுக்கும் பெயின்ட் அடிக்கும் முன்னால் ஒரு சுவரில் அடித்துப் பார்ப்பது என் பழக்கம். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் எட்டடி அகலத்துக்குத் தரையிலிருந்து விதானம் வரை வெள்ளை அடித்தோம். கீழே எட்டு டைலைச் சும்மா பரப்பி வைத்தோம். அப்போது சித்திரை பிறந்திருந்தது.

மாமியார் சாயங்காலம் உட்காரும் இடம் அந்தச் சுவரைப் பார்த்து இருக்கிறது. நாலு மணிக்கு மேற்கு வெயில் ஜன்னல் வழியாக நேராக அந்த வெள்ளையில் விழுந்தது. நல்ல வெள்ளைப் பெயின்ட் தன் மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் திருப்பி அனுப்பும். பளபள டைல் கீழிருந்து இன்னொரு பங்கு கொடுத்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் எழுந்து போய் ஒரு பழைய சேலையைக் கொண்டுவந்து, சுவர் மேலிருந்த இரண்டு ஆணியில் மாட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

ராத்திரி இன்னொரு அடி. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அந்தச் சாம்பல் டைல் செத்துப்போய்த் தெரிந்தது. நீலச் சாயை உள்ள சாம்பல் நிறத்துக்கு வெதுவெதுப்பான விளக்கு ஒத்துக்கொள்ளாது. அழுக்கேறிய மாதிரி ஆகிவிடும். மருமகளே சொன்னார்: "நனைஞ்ச சிமென்ட் மாதிரி இருக்குங்க."

மூன்றாவது, நிலைப்படி. பழைய தரை மேல் டைல் ஒட்டினால் தரை ஒன்றரை அங்குலமாவது ஏறும். கதவுகளின் அடியை அறுக்க வேண்டும், அது பெரிய விஷயமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசும் நிலைப்படி அந்த அளவுக்குக் குட்டையாகிவிடும். "வாசப்படிய புதைக்கச் சொல்றீங்களா தம்பி?" என்று மாமியார் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

நாலாவதை நானே எதிர்பார்த்திருக்க வேண்டும். மூன்று வாரத்துக்குள் அந்த வெள்ளைச் சுவரின் அடி ஓரத்தில் கொப்புளம் கிளம்பியது. பழைய சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஓதத்தை இழுத்து மேல்பரப்பு வழியாக ஆற்றிக்கொள்ளும். எமல்ஷன் என்பது மெல்லிய பிளாஸ்டிக் தோல் மாதிரி. தோலைப் போட்டு மூடினால் ஈரமும் உப்பும் உள்ளிருந்து தள்ளாமல் என்ன செய்யும்?

எதைத் தூக்கிப் போட்டால் சண்டை வரும்

திட்டத்தை மடித்து வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். அந்த 43 படங்களையும் அச்செடுத்துக் கூடத்துத் தரையில் பரப்பினேன். "இதுல ஒன்பது மட்டும் எடுங்க" என்று மருமகளிடம் சொன்னேன். எடுத்தார். ஒன்பதில் நாலில் சோபா சாம்பல், மூன்றில் பழுப்பு, இரண்டில் சோபாவே இல்லை. ஒன்றில் சுவர் பச்சை. அப்படியானால் எது பொது? இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்தான் கண்டுபிடித்தார்: "எல்லாத்துலயும் தரை தெரியுதுங்க."

ஆமாம். மேஜை மேல் ஒன்றும் இல்லை, சுவரில் ஒன்றும் இல்லை, தரை முழுசாகத் தெரிகிறது. காலையில் எழுந்ததிலிருந்து பொம்மைக் கார்களையும் துவைத்த துணிகளையும் தாண்டித் தாண்டி நடந்து, அடுப்படிக்கும் லேப்டாப்புக்கும் ஓடுகிற ஒரு பெண் கேட்டது காலி இடத்தை. அதற்கு ஒரு பெயர் வேண்டுமே என்று இணையத்தில் தேடியபோது ஸ்காண்டிநேவியன் என்ற பெயர் அகப்பட்டிருக்கிறது. ஸ்டைலின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிற வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கதை இதுதான் என்று இப்போது எனக்குப் படுகிறது. பெயரை ஒதுக்கிவிட்டுப் படத்துக்குள் அவர்கள் எதற்கு ஏங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

மாமியாரிடம் வேறு கேள்வி. "எதைத் தூக்கிப் போட்டா வீட்டுல சண்டை வரும், சொல்லுங்கம்மா." அவர் யோசிக்கவே இல்லை. கணவர் கைபட்ட மர நாடா (தறியில் நூலைக் கொண்டு குறுக்கே ஓடும் கட்டை), தேக்கு பெஞ்சு, கல்யாணத்துக்கு வந்த பித்தளை அண்டா இரண்டு, சாமி படம் பதினேழு, அம்மிக்கல், நாள்காட்டி. மகன் டிவி என்றார்.

அன்றே கூடத்தில் கண்ணில் படும் பொருள்களை எண்ணினேன். ஷோகேஸ் பொம்மை, ரிமோட், மருந்து டப்பா, சார்ஜர் எல்லாம் சேர்த்து 112. எல்லா வீட்டிலும் இப்படி எண்ணிப் பார்க்கலாம். கொஞ்சம் வெட்கமாக இருக்கும், ஆனால் எந்த நிற அட்டையையும்விட அதிகம் சொல்லும்.

ஆக, இந்த வீட்டின் பிரச்சினை நிறமோ சோபாவோ இல்லை. ஒருவருக்கு எதையும் எறியக் கூடாது. இன்னொருவருக்கு எதுவும் கண்ணில் படக் கூடாது. இரண்டும் ஒரே இடத்தில் முடியும், இடம் ஒளித்துக் கொடுத்தால். தறி அறையின் வடக்குச் சுவரில் எட்டடி அகலம், தரையிலிருந்து விதானம் வரை பத்தடி உயரத்துக்கு ஒரே அலமாரி. கைப்பிடிகூட வெளியே தெரியாத வெறும் கதவுகள். எதையும் எறிய மாட்டோம் என்பது மாமியாருக்கு வாக்கு. மூன்று பேரும் சரி என்று சொன்னது மட்டும்தான் கூடத்தில் இருக்கும் என்பது மருமகளுக்கு வாக்கு. சாமி படங்களுக்கு ஈசானி மூலையில் பிரம்புப் பின்னல் கதவு வைத்த ஓர் அலமாரி. காலையிலும் மாலையிலும் திறக்கலாம், மற்ற நேரம் மூடினாலும் ஊதுபத்தி வாசம் வெளியே வரும். செலவில் பெரிய பங்கு இந்த இரண்டுக்கும் போனது. வீட்டு அலங்காரம் என்று வந்தவர்களிடம் முதல் காசை அலமாரிக்கு வாங்குவது கஷ்டம்தான். திரை, சோபா என்றால் உடனே பை திறக்கும்.

குழி

இனி தறிக்குழி. நெசவாளர் தரை மட்டத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, மிதிக்கட்டையை மிதிக்கக் காலைத் தொங்கவிடும் பள்ளம் அது. இங்கே இரண்டரை அடி ஆழம், சிமென்ட் பூசியது.

கான்கிரீட் போட்டு மூடும் எண்ணத்தை விட்டதும் எனக்கு அடுத்த ஆசை வந்தது. மேலே தடித்த கண்ணாடி போட்டு, உள்ளே சின்ன விளக்கு வைத்து, நாடாவையும், நூலை நெருக்கி அடிக்கும் சீப்பு போன்ற அச்சையும் காட்சிக்கு வைத்துவிடலாம். படத்தில் அபாரமாக இருக்கும். மாமியார் கேட்டார்: "நான் முப்பது வருசம் கால வச்ச குழிக்கு லைட்டு போட்டுப் பாக்க இது என்ன மியூசியமா?"

பிறகு அவரே பலகையை எடுத்துப் போட்டு, குழி ஓரத்தில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டார். மருமகள் பக்கத்தில் குத்துக்காலிட்டு லேப்டாப்பை மடியில் வைத்திருந்தார். முதுகு வலி என்று அடிக்கடி சொல்பவர். மாமியார் அவரைப் பார்த்து, "இப்படி உக்காரு கண்ணு. நாங்க எட்டு மணி நேரம் உக்காந்தோம், ஒரு வலி இல்ல" என்றார்.

எட்டு மணி நேரம் தறியில் உட்கார்ந்தவர்களுக்கு வலி இல்லை என்பதை நான் நம்ப மாட்டேன். நெசவாளர்களின் இடுப்பு வலியும் முட்டி வலியும் ஊரறிந்தது. ஆனால் யோசனை அங்கேதான் பிறந்தது. ஜப்பானிய வீடுகளில் தாழ்ந்த மேஜைக்குக் கீழே தரையைப் பள்ளமாக்கிக் காலைத் தொங்கவிட்டு உட்காரும் ஹொரிகொடாட்சு என்ற அமைப்பு இருக்கிறது. அதைத் தேடி ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை, அம்மாபேட்டையில் வீட்டுக்கு வீடு இருந்தது.

குழியின் மேல் 14 அங்குல உயரத்தில் ஒரு மேஜை. உட்காருவது தரையில், திண்டு போட்டு. முதுகுக்குச் சாய்மானம் மட்டும் சுவரோடு சேர்த்து வைத்தோம். அந்தக் காலத்தில் அது கிடையாது. கால் வைக்கும் இடத்தில் கொஞ்சம் உயர்த்திப் பலகை, ஏனென்றால் மருமகள் உயரம் குறைவு. பையன் விழுந்துவிடக் கூடாது என்று தரை மட்டத்துக்கு வந்து உட்காரும் மடக்கு மூடி. வேலை முடிந்ததும் மேஜையை நகர்த்தி மூடியைச் சாத்தினால் அறை வெறும் தரை. நாடா மேஜை மேலேயே இருக்கிறது. காகிதம் பறக்காமல் இருக்க அதைத்தான் வைக்கிறார்கள்.

மாமியார் ஒன்று மட்டும் எச்சரித்தார்: "ஐப்பசியில குழியில தண்ணி ஊறும் தம்பி." அதற்கெல்லாம் இப்போது வாட்டர்புரூஃப் பூச்சு இருக்கிறதம்மா என்று சொல்லிவிட்டேன்.

ஒட்டுப்போட்ட தரை

டைல் வேண்டாம் என்று ஆனதும் சிவப்புத் தரையைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. தரை அடிப்படையில் நன்றாகவே இருந்தது. முடி அளவு விரிசல்கள், மங்கல், அவ்வளவுதான். ஆனால் கூடத்தின் நீளச் சுவரை ஒட்டி, எப்போதோ குழாய் போட வெட்டி, வெறும் சிமென்ட்டால் மூடிய பட்டை ஒன்று ஓடியது. ஒன்பது அங்குல அகலம், பதினாறு அடி நீளம்.

சிவப்பு ஆக்சைடுத் தரை செய்வது சிமென்ட்டில் இரும்பு ஆக்சைடுப் பொடி கலந்து, தரை ஈரமாக இருக்கும்போதே கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மினுமினுப்பு ஏற்றும் வேலை. ஒரே கையாக, ஒரே நாளில் ஓட வேண்டும். பாதியில் டீ குடிக்கப் போனால் அந்த இடம் கடைசி வரை காட்டிக்கொடுக்கும். பிறகு ஒரு வாரமாவது தண்ணீர் கட்டி, அதற்கப்புறம் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து நிறம் எடுக்க வேண்டும். இந்தத் தரைக்கு ஐம்பது வருடப் பாதம் நிறம் கொடுத்திருக்கிறது. அதற்குச் சரியாகப் புதுச் சிவப்பைச் சேர்க்க முடியாது. மேஸ்திரி நாலு மாதிரி போட்டுக் காட்டினார். நாலும் பழைய சேலையில் வைத்த புது ஒட்டு மாதிரி துருத்திக்கொண்டு நின்றன.

சேராததைச் சேர்ப்பானேன்? அந்தப் பட்டையைக் கறுப்பு ஆக்சைடில் போட்டு, ஒரு கரையாக்கிவிடலாம் என்றேன். ஒரு பக்கம் மட்டும் கரை இருந்தால் விகாரமாக இருக்கும் என்பதால் நாலு பக்கமும் வெட்டச் சொன்னேன். மேஸ்திரி முகம் சுருங்கியது, கூலி ஏறும். மாமியார் நடுவில் வந்தார். "நாலு பக்கம் எதுக்கு? வேட்டிக்கு ரெண்டு பக்கந்தானே கரை?"

இரண்டு நீளப் பக்கம் மட்டும் வெட்டினோம். கறுப்புக் கரை, அதற்குள் ஒரு விரல் அகலத்தில் சிவப்புக் கோடு. கூடத்துக்குள் நுழையும்போது விரித்துப் போட்ட துணி மாதிரி இருக்கிறது என்று இப்போது பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். அந்த யோசனைக்கு எனக்குப் பாராட்டு கிடைக்கும்போதெல்லாம் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

இதிலும் ஒரு தப்பு நடந்தது. முதல் கரைக்குப் போர் தண்ணீர் கட்டினார்கள். இந்தப் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. ஒரு வாரத்தில் கறுப்பின் மேல் வெள்ளைப் படலம். சிமென்ட்டிலிருந்தே சுண்ணாம்பு மேலே பூப்பது உண்டுதான், உப்புத் தண்ணீர் அதைக் கூட்டிவிட்டது. சிவப்பில் இது அவ்வளவாகத் தெரியாது, கறுப்பில் தெரியும். இரண்டாவது கரைக்குக் குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் கட்டினோம். இன்றைக்கும் குனிந்து பார்த்தால் எது போர், எது மேட்டூர் என்று சொல்லிவிடலாம்.

சுவர், மரம், துணி, விளக்கு

சுவருக்கு நிறம் தேடி அட்டைகளைப் புரட்டியது வீண். மாமியார் பீரோவைத் திறந்து கணவருடைய கடைசி வேட்டியை எடுத்துச் சுவரில் வைத்துக் காட்டினார். வெண்பட்டு என்று பெயர், ஆனால் வெள்ளை கிடையாது. நிழலில் பார்த்தால் பாலாடை நிறம். அதற்குப் பக்கத்தில் வைத்தால் அசல் வெள்ளை நீலம் பாரித்துத் தெரியும். சுண்ணாம்பில் துளி மஞ்சள் காவி கலந்து அந்த நிறத்துக்குக் கொண்டுவந்து மூன்று கை அடித்தோம். சுவர் மூச்சு விடும், ஓதம் வந்தாலும் கொப்புளிக்காது. வருடம் ஒருமுறை அடி ஓரத்தில் ஒரு கை பூசினால் போதும். சாய்ந்து உட்கார்ந்தால் சட்டையில் ஒட்டும் என்பது இதில் உள்ள குறை. சாயும் உயரம் வரை மட்டும் பலகை அடித்தோம்.

சுண்ணாம்பு பற்றி ஒரு கிளைக்கதை. ஊருக்குப் பக்கத்திலேயே சுண்ணாம்புக்கரடு இருக்கிறதே, அங்கிருந்து எடுக்கலாமே என்று மகன் கேட்டார். அவர் வாய் திறந்த அரிய தருணம் அது. ஆனால் அந்தக் கரட்டில் வெள்ளையாக இருப்பது மேக்னசைட். உருக்காலைகளின் உலைக்கு உள்பூச்சு கொடுக்கும் செங்கல் செய்யப் போகும் தாது. சுண்ணாம்புக்கல் சங்ககிரிப் பக்கம்.

மருமகள் ஆசைப்பட்ட வெளிறிய மரம் ஏற்காட்டிலேயே கிடைத்தது. சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக்கொடி ஏறவும் வரிசை வரிசையாக நிற்பது சில்வர் ஓக். ஆஸ்திரேலிய மரம், காப்பியோடு மலையேறி வந்து தங்கிவிட்டது. பெட்டி அடிக்கிற மரம் என்று ஆசாரிகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் சரியாக அறுத்தால் உள்ளே வலைப்பின்னல் மாதிரி வரி ஓடும், நிறம் இளம் தேன். நன்றாக உலர்ந்த கட்டையாக மரவாடியில் பொறுக்கி, பூச்சி மருந்து அடித்து, அலமாரிக் கதவுக்கும் குழி மேஜைக்கும், சோபாவுக்குப் பதிலாகச் செய்த திவானுக்கும் போட்டோம். உலராத மரத்தை வாங்கினால் ஆறே மாதத்தில் முறுக்கிக்கொள்ளும், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. தேக்கு பெஞ்சு பக்கத்திலேயே கறுத்துப் போய் நிற்கிறது. இரண்டு மரமும் ஒரே நிறத்தில் இல்லையே என்று மருமகள் கவலைப்பட்டார். சிவப்புத் தரை இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

பவானி ஜமக்காளத்தை வெட்டித் திவான் உறை தைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் அரை டிராயர் போட்ட குழந்தையின் தொடையில் முரட்டு நூல் உரசிச் சிவந்துவிட்டது. அது தரைக்கான துணி, தரைக்கே போயிற்று. கரும்பச்சை, அரக்கு என்று இரண்டே நிறத்தில் ஒன்று. திவானுக்குக் கோடு இல்லாத மெல்லிய பருத்தி. அறுபது, முப்பது, பத்து என்று நிறங்களுக்குப் பங்கு போடும் ஒரு கணக்கு எங்கள் தொழிலில் உண்டு. கடைசியில் சரிபார்க்க அது உதவும், அதை வைத்து ஆரம்பிக்கக் கூடாது. இங்கே தரையே ஒரு பெரும் பங்கை எடுத்துக்கொண்டது.

விளக்கில் சுருக்கமாகச் சொல்கிறேன். நீலம் பாரித்த வெள்ளை கொடுக்கும் பழைய 6500 கெல்வின் டியூப் லைட்டை எடுத்துவிட்டு, கூடத்தில் வெதுவெதுப்பான மஞ்சள் கொடுக்கும் 3000 கெல்வின். சுவரும் தரையும் அதில் உயிர்பெற்றன. மாமியாருக்கு அது கோயில் பிரகாரம் மாதிரி மங்கல், ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றார். சரிதான், பெஞ்சுக்கு மேலே மட்டும் 4000 கெல்வினில் தனி விளக்கு.

ஒன்றரை வருடம் கழித்து

பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் முடித்தோம். மொத்தம் 4 லட்சத்து 30 ஆயிரம் ஆயிற்று. முதல் திட்டத்துக்கு நான் கொடுத்திருந்த கணக்கைவிட 1 லட்சத்து 80 ஆயிரம் குறைவு. டைலும் சோபாவும் போனதில் மிச்சம். கூடத்தில் கண்ணில் படும் பொருள் 112-லிருந்து 31 ஆனது. சொந்தக்காரர்கள் வந்து, "இது என்ன ஸ்டைலு?" என்று கேட்டதற்கு மாமியார் சொன்ன பதில்: "எல்லாத்தையும் அலமாரிக்குள்ள போட்டுச் சாத்துற ஸ்டைலு."

போன மாதம் மறுபடி போய் எண்ணினேன், 46 இருந்தது. நாள்காட்டி அலமாரிக் கதவின் உள்பக்கத்திலிருந்து பழையபடி கூடத்து ஆணிக்கு வந்துவிட்டது. தினமும் கதவைத் திறந்து ராகுகாலம் பார்க்க முடியாது என்கிறார், நியாயம்தான். பொம்மைக் கார்களுக்குக் கீழ்த்தட்டு ஒதுக்கியிருந்தேன். பையனுக்கு அலமாரிக்குள் பொம்மை இருப்பதே தெரியவில்லை. அதற்குக் கதவு இல்லாத கூடை வைத்திருக்க வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு உள்பக்கம் திரை போட்டதும் போதவில்லை. வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகு அதைத் தடுத்துப் பெரிய பயன் இல்லை. வெளியே மூங்கில் தட்டி கட்டச் சொல்லியிருக்கிறேன்.

குழி விஷயத்தில் அவர் சொன்னதுதான் நடந்தது. பூச்சு ஒரு ஐப்பசிகூடத் தாங்கவில்லை. மழை பிடித்த நாலாவது நாள் அடியிலிருந்து ஊறி, அரை அடிக்குத் தண்ணீர் நின்றது. நல்லவேளை, மின் வயரை மேஜைக்கு மேல் வழியாகக் கொண்டுபோயிருந்தோம். தண்ணீர் நிற்கும் அந்த ஏழெட்டு நாளும் மருமகள் சமையல்கட்டு மேஜைக்கு லேப்டாப்பை மாற்றிக்கொள்கிறார். குழியில் ஊறியதை மாமியார் சொம்பில் மொண்டு புழக்கடைச் செடிகளுக்கு ஊற்றுகிறார்.